எதில் பாதி?

திரையில் வரும் பெட்டிகளின் அளவை எழுதச் சதவீதக் குறி (%) ஒன்றே போதும், படிக்க எளிது என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எனக்கு உடன்பாடில்லை. வலைப்பக்கத் தோற்றத்தை எழுதும் மொழியான சிஎஸ்எஸ்ஸில் பேடிங்-டாப்: 10% (பெட்டிக்குள் மேற்புற இடைவெளி) என்று எழுதிப் பாருங்கள், அது வெளிப்பெட்டியின் உயரத்தில் அல்ல, அகலத்தில் பத்து சதவீதம்! பார்த்தவுடன் யாருக்குத் தோன்றும்? ஹைட்: 50% (உயரத்தில் பாதி) இன்னும் மோசம். வெளிப்பெட்டிக்கு உயரம் தராவிட்டால் சத்தமே இல்லாமல் ஆட்டோ, அதாவது உள்ளடக்கத்துக்கு ஏற்ற உயரம், ஆகிவிடும். செயலித் திரைகளை வடிவமைக்கும் மொழியான க்யூஎம்எல்லில் பேரன்ட்.விட்த் * 0.5 (வெளிப்பெட்டியின் அகலம் × 0.5) என்று எழுதுகிறோம். எழுத நீளம்தான், ஆனால் எதில் பாதி என்பது அந்த வரியிலேயே இருக்கிறது. மிச்ச இடத்தைப் பங்கு போட மட்டும் சிஎஸ்எஸ் கிரிட் என்ற கட்ட அமைப்பின் 1எஃப்ஆர் 2எஃப்ஆர் (ஒரு பங்கு, இரண்டு பங்கு) போன்ற சுருக்கம் சரி. இதற்கே ஆண்ட்ராய்டில் பெட்டிகளை வரிசையாக அடுக்கும் லீனியர் லேஅவுட்டில் அகலத்தை 0டிபி (டிபி என்பது நீள அலகு) ஆக்கி வெயிட், அதாவது பங்கின் எண், தருவது வழக்கம். அந்தப் பூஜ்ஜியத்தைப் புதிதாகப் படிப்பவர் பிழை என்றுதான் நினைப்பார்.