கடைசிக் காலக் காணொளிகளும் மாத்தளன் பங்கரும்

மாமி போன கிழமை வட்ஸ்அப்பில் ஒரு காணொளி அனுப்பினார். இருபத்திரண்டு நிமிடம். மேடையில் தமிழ்நாட்டுப் போதகர் ஒருவர், பின்னால் பெரிய திரை. திரையில் காசா. ஒரு மாடிக்கட்டடம் அப்படியே புகைக்குள் இறங்குகிறது. போதகர் வேதாகமத்தை உயர்த்திப் பிடித்து, எழுதினபடியே நடக்கிறது என்கிறார். சனம் கைதட்டுகிறது. அல்லேலூயா என்கிறது. கீழே மாமி எழுதியிருந்தார்: "கடைசிக் காலம் தம்பி. செபியுங்கோ."

அந்தக் கைதட்டல் இரண்டு மூன்று நாளாக என் காதுக்குள் நின்றது. அதனால்தான் இதை எழுதுகிறேன். நீளமாகத்தான் வரும், பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் மாமியைப் பற்றி. கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவர். வன்னிப் போரின் கடைசி மாதங்களில், 2008-2009இல், கிளிநொச்சியில் இருந்து தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, தேவிபுரம், மாத்தளன் என்று சனமெல்லாம் போன அதே பாதையில் போனவர். மாத்தளனில் இளைய மகனைப் பறிகொடுத்தார். போர் முடிந்து சனத்தை அடைத்து வைத்த மெனிக் பாம் முகாமில் இருந்து திரும்பி வந்த காலத்தில், தகரக் கொட்டிலுக்குள் தனியே இருந்து அழுத மனிசிக்குப் பக்கத்தில் வந்து குந்தியிருந்தவர்கள் கத்தோலிக்கம் அல்லாத ஒரு சின்னச் சபையின் சகோதரிகள். எங்கள் பங்கில் நாங்கள் அந்த நேரம் ஆலயக் கூரைக்குக் காசு சேர்த்துக்கொண்டிருந்தோம். மாமி சபைக்குப் போய்விட்டார். அதற்காக அவரைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை.

மாத்தளனில் நாங்கள் வெட்டிய பங்கரில், அந்தப் பதுங்குகுழிக்குள், நாங்கள் ஏழு பேர். எனக்குப் பதினாறு வயது. கடற்கரை மணல், வெட்ட வெட்டச் சரியும். கொஞ்சம் ஆழமாகப் போனால் தண்ணீர் ஊறும். மண்மூட்டைக்குச் சாக்கு இல்லாமல் சனம் சேலைகளைக் கிழித்துத் தைத்தது. மாமி தன் கூறைச்சேலையை வெட்டினார். சிவப்புப் பட்டு, கரையில் சரிகை. வெயில் பட்டால் சரிகை மினுங்கும், மேலே வருகிறவனுக்குத் தெரிந்துவிடும் என்று மாமா அந்த மூட்டைகளின் மேல் சேறு பூசினார். அந்தப் பங்கருக்குள் எங்கள் செபம் 91ஆம் சங்கீதம். மாமிக்கு முழுவதும் மனப்பாடம். எறிகணைச் சத்தம் கிட்ட வர வர அவருடைய குரல் உயரும்.

அந்தச் சங்கீதத்தின் 13ஆவது வசனத்தில் ஒரு சொல் வருகிறது, பழைய மொழிபெயர்ப்பில் "பாலசிங்கம்". எபிரேய மூலத்தில் அந்தச் சொல் "கெபீர்". இளம் சிங்கம் என்று பொருள். வன்னியில் கிபிர் என்றால் தெரியாத பிள்ளை இருந்ததா? இஸ்ரேல் செய்த விமானம். 1996இல் இருந்து இலங்கை விமானப்படையிடம் இருந்தது. பெயரும் அதே எபிரேயச் சொல்தான். 2006 ஓகஸ்ட் 14 அன்று வள்ளிபுனம் செஞ்சோலைச் சிறுவர் இல்ல வளாகத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் செத்ததும் அந்த விமானங்கள் போட்ட குண்டில்தான். எங்களைக் கொல்ல வந்ததன் பெயரைத்தான் நாங்கள் எங்களைக் காக்கச் சொல்லி மன்றாடிய செபத்துக்குள்ளும் தெரியாமல் சொல்லிக்கொண்டிருந்தோம்.

இதிலிருந்து நான் எந்தத் தீர்க்கதரிசனமும் எடுக்க மாட்டேன். ஒரு வசனத்தையும் ஒரு செய்தியையும் முடிச்சுப் போடுவது எவ்வளவு சுலபம் என்று காட்டத்தான் சொன்னேன். முடிச்சுப் போட்டவுடன் உடம்பு புல்லரிக்கும். புல்லரிப்பதால் அது கடவுளின் குரலாகிவிடாது.

2023 ஒக்டோபர் 7 அன்று ஹமாஸ் செய்ததை நான் மறைக்கவில்லை. ஏறக்குறைய 1,200 பேரைக் கொன்றார்கள், 251 பேரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அது பாவம், பெரும் பாவம். அந்தத் தாய்மாரின் அழுகையும் அழுகைதான். ஆனால் அதற்குப் பிறகு காசாவில் பல்லாயிரக்கணக்கான சனம் செத்ததை ஒரு வேத நாடகத்தின் அடுத்த காட்சி போல உட்கார்ந்து பார்க்க வன்னிச் சனத்தால் எப்படி முடிகிறது? நடுவில் நின்ற சனத்துக்கு இரண்டு பக்கத்தாலும் அடி விழும் என்பதை எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. "மனிதக் கேடயம்" என்று எங்களையும் சொன்னார்கள். எங்கள் மேல் நடந்ததற்கு "மனிதாபிமான நடவடிக்கை" என்று பெயர் வைத்தார்கள். "பாதுகாப்பு வலயம்" என்று வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டிய இடத்துக்குள்தான் நாங்கள் செத்தோம். இப்போது அதே சொற்கள் வேறொரு சனத்துக்கு மேல் விழும்போது எங்களுக்கு அந்த வாடை தெரிய வேண்டாமா?

இந்தக் கடைசிக் கால வாசிப்பு ஆதித் திருச்சபையில் இருந்து வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. உலக வரலாற்றைக் காலகட்டங்களாக வெட்டி, இஸ்ரேலுக்கு ஒரு கணக்கு, திருச்சபைக்கு ஒரு கணக்கு என்று பிரிப்பதைப் பரப்பியவர் ஜோன் நெல்சன் டார்பி, 19ஆம் நூற்றாண்டுக்காரர். 1909இல் அமெரிக்காவில் ஸ்கோபீல்ட் என்பவர் அந்த விளக்கங்களை வேதாகமப் பக்கங்களின் அடியிலேயே குறிப்பாக அச்சிட்டு வெளியிட்டார். வாசிக்கிறவனுக்கு வசனம் எது, விளக்கம் எது என்று பிரித்தறிவது கடினமாகிவிட்டது. அங்கிருந்து அமெரிக்கத் தொலைக்காட்சி, பிறகு தமிழ்ப் போதகர்கள், பிறகு யூடியூப், கடைசியில் உடையார்கட்டில் மாமியின் போன். இரண்டாயிரம் ஆண்டு விசுவாசத்தில் இருநூறு ஆண்டுகூட ஆகாத ஒரு வாசிப்பு இது.

சரி, செய்தியை இயேசு எப்படிப் பார்த்தார்? லூக்கா 13ஐ எடுத்துப் பாருங்கள். அன்றைய செய்தியை ஆட்கள் அவரிடம் கொண்டு வருகிறார்கள்: கலிலேயரைப் பிலாத்து கொன்றுவிட்டான், பலி செலுத்திக்கொண்டிருந்த இடத்திலேயே. சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்ததை அவரே எடுத்துச் சொல்கிறார். செத்தவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்று கேட்டு, இல்லை என்று அவரே மறுமொழியும் சொல்கிறார். விரலை எங்கள் பக்கம் திருப்பி, நீங்கள் மனம் மாறுங்கள் என்கிறார். அப்புறம் லூக்கா 19. எருசலேமுக்கு அழிவு வரப்போகிறது என்று அவரும் சொல்கிறார்தான். எப்படிச் சொல்கிறார்? நகரத்தைப் பார்த்து அழுதுகொண்டே சொல்கிறார். அழிவை முன்னறிவித்த வாயில் அழுகை இருந்தது. காணொளியில் நான் தேடியது அதைத்தான். இருபத்திரண்டு நிமிடத்திலும் ஒரு சொட்டு இல்லை.

எங்களையும் ஒரு காலத்தில் இப்படித்தான் வாசித்தார்கள். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. முல்லைத்தீவில் கடல் ஏறியது. அதற்குப் பிறகு, சிலை வணக்கத்துக்குத் தண்டனை என்று எங்கள் காதுபடச் சொன்னவர்கள் உண்டு. மெனிக் பாம் கம்பிக்குள்ளும் ஒருவர் வந்து, உங்கள் சனம் கர்த்தரை அறியாததால் இது நடந்தது என்று பிரசங்கித்தார். மகனைப் புதைத்து இரண்டு மாதமாகாத மாமியும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். அன்று அவர் எழுந்து வெளியே போனதை நான் கண்டேன்.

காசாவில் கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள் என்பதே பலருக்குத் தெரியாது. போருக்கு முன் ஆயிரம் பேரளவில் இருந்தார்கள். கத்தோலிக்கருக்கு ஒரேயொரு ஆலயம், திருக்குடும்ப ஆலயம். போர் தொடங்கிய நாளில் இருந்து திருத்தந்தை பிரான்சிஸ் அநேகமாக ஒவ்வொரு மாலையும் அந்தப் பங்குக்குப் போன் எடுத்தார். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். 2015 தை 14 அன்று மடு மாதா திருத்தலத்துக்கு வந்து எங்கள் சனத்தோடு நின்றவர்தான். 2025 ஏப்ரல் 21 அன்று இறந்தார். அதற்கு இரண்டு நாள் முன்பும் காசாவுக்கு எடுத்திருக்கிறார். அதே ஆண்டு யூலை 17 அன்று அந்த ஆலயத்தின் மேலேயே இஸ்ரேல் இராணுவத்தின் எறிகணை விழுந்து மூன்று பேர் செத்தார்கள். பங்குத்தந்தைக்கும் காயம். புதிய திருத்தந்தை லியோ அந்த மூவரையும் பெயர் சொல்லி நினைவுகூர்ந்தார். போரின் கடைசிக் காலத்தில் வலைஞர்மடம் ஆலயத்தில் ஒதுங்கிய சனத்துக்கு இதற்கு விளக்கம் தேவையா?

எங்கள் மண்ணில் கிறிஸ்தவ அரசியல் என்றால் எனக்கு நினைவுக்கு வருவது மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை. 2011 தை மாதம், போருக்குப் பிறகு அரசு அமைத்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் அவர் ஒரு கணக்கை வைத்தார். மாவட்டச் செயலகமான கச்சேரியின் பதிவின்படி 2008 ஒக்டோபரில் வன்னியில் 429,059 பேர். 2009 யூலையளவில் அரச கட்டுப்பாட்டுக்குள் வந்தவர்கள் 282,380 பேர். மிச்சம் 146,679 பேர் எங்கே? அவ்வளவுதான் கேட்டார். 2021 ஏப்ரல் 1 அன்று அவர் கண்மூடும் வரை அந்தக் கேள்விக்கு மறுமொழி வரவில்லை. வெளிப்படுத்தலில் வரும் 666ஐ வைத்து ஆராய்ச்சி செய்கிறவர்கள் இந்த எண்ணையும் ஒரு தடவை எழுதிப் பார்க்கட்டும். இதில் எங்கள் மாமியின் மகனும் ஒருவன்.

சபைக்காரரை மட்டும் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். எங்கள் பங்கு வட்ஸ்அப் குழுவில் மூன்று நாள் இருள் வரப்போகிறது, மந்திரித்த மெழுகுதிரி வாங்கி வையுங்கள் என்று மாதம் ஒரு தடவையாவது வருகிறது. கிட்டத்தட்ட அதே நோய்தான். காசாவுக்காக ஞாயிறு மன்றாட்டில் ஒரு வரி சேர்ப்போமா என்று கேட்டபோது, ஆலயத்துக்குள் அரசியல் வேண்டாம் என்று ஒரு பெரியவர் சொன்னார். போரில் செத்தவர்களை நினைவுகூரும் மே 18க்கும் முதலில் இதைத்தான் சொன்னார்கள்.

எங்கள் பக்கத்துப் பொடியன் ஒருவன் இஸ்ரேலுக்கு விவசாய வேலைக்குப் பதிந்திருக்கிறான். போருக்குப் பிறகு பாலஸ்தீனத் தொழிலாளர்களை நிற்பாட்டிவிட்டு எங்கள் நாட்டில் இருந்து ஆள் எடுக்கிறார்கள். லீசிங் கடன், தங்கச்சியின் கலியாணம். அவனுக்காகவும் செபிக்கிறேன். அவனிடம் நான் நியாயம் பேசப் போகவில்லை.

சனிக்கிழமை மாமியைப் பார்க்கப் போனேன். சண்டை பிடிக்கிற எண்ணம் இல்லை. பிளேன்ரீ தந்தார். காணொளி பார்த்தேன் மாமி என்றேன். பார்த்தியோ, எல்லாம் எழுதினபடி என்றார். நான் திருக்குடும்ப ஆலயத்தைப் பற்றிச் சொன்னேன், ஓடாமல் சனத்தோடு நின்ற அந்த ஃபாதரைப் பற்றிச் சொன்னேன், போன் எடுத்துச் சாப்பாடு கேட்ட திருத்தந்தையைப் பற்றிச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "சனம் பங்கர் வெட்டி வைச்சிருக்கும்தானே?" என்றார்.

"இல்லை மாமி. சனத்துக்கெண்டு அங்க பங்கர் இல்லை."

"அப்ப குண்டு போடேக்க எங்க போய்ப் படுக்கிறது?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மாமி முற்றத்துக்குப் போய்க் காய்ந்த உடுப்புகளை எடுத்து மடிக்கத் தொடங்கினார்.

நேற்று மறுபடியும் ஒரு காணொளி வந்தது. அதே போதகர், அதே திரை. கீழே ஆறு செக்கன் குரல்பதிவு ஒன்று. "தம்பி, அந்த ஃபாதர் இப்பவும் அங்கதான் இருக்கிறாரோ?"

ஓம் மாமி, அங்கதான் இருக்கிறார் என்று எழுதி அனுப்பினேன்.