19ஐ 22 ஆக்கிய பெருக்கல்

சிறுநீரகம் எந்த அளவுக்கு வேலை செய்கிறது என்பதை ரத்தத்தில் உள்ள கிரியாட்டினின் அளவைக் கொண்டு கணக்கிடுகிறார்கள்; தசையில் உருவாகிச் சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு அது. 2009இல் அமெரிக்காவில் உருவாகிப் பல நாடுகளில் புழக்கத்துக்கு வந்த ஒரு வாய்பாட்டில், வயதையும் பாலினத்தையும் தவிர இன்னொரு கேள்வியும் இருந்தது: நோயாளி கறுப்பினத்தவரா? ஆம் என்றால் விடையை 1.159 என்ற எண்ணால் பெருக்க வேண்டும். விடை கூடினால் சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிறது என்று பொருள். மற்ற எவருக்கும் 19 என்று வரும் அதே ரத்தம், கறுப்பினத்தவர் என்று ஒரு கட்டத்தில் குறியிட்டவுடன் 22 ஆகிவிடும். அந்த நாட்டில், டயாலிசிஸ் தொடங்காத ஒருவருக்கு மாற்றுச் சிறுநீரகத்துக்கான காத்திருப்புக் காலம், இந்த எண் 20க்கோ அதற்குக் கீழோ இறங்கிய பிறகுதான் கணக்கில் சேரும். 19 உள்ளவர் வரிசையில் நிற்பார்; 22 உள்ளவர் வரிசைக்கு வெளியே நிற்பார். இந்தப் பெருக்கலைக் கைவிடும்படி சிறுநீரக மருத்துவ அமைப்புகள் 2021இல்தான் பரிந்துரைத்தன. அதனால் இழந்த நாள்களைக் கறுப்பின நோயாளிகளின் கணக்கில் திரும்பச் சேர்க்கும் வேலை 2023 ஜனவரியில் தொடங்கியது. இடைப்பட்ட ஆண்டுகளில் காத்திருந்தே இறந்தவர்களின் கணக்கில் எதைச் சேர்ப்பது?

அந்த எண்ணை யாரும் வன்மத்தோடு நுழைக்கவில்லை. ஆய்வில் பங்கேற்ற கறுப்பினத்தவர்களிடம், சிறுநீரகம் அதே அளவு வேலை செய்யும்போதும் கிரியாட்டினின் சராசரியாகச் சற்றுக் கூடுதலாக இருந்தது. தசை அதிகம் என்பது அதற்குச் சொல்லப்பட்ட விளக்கம். தசைதான் காரணம் என்றால், எதிரே உட்கார்ந்திருப்பவரின் தசையை அல்லவா அளந்திருக்க வேண்டும்? அதற்குப் பதிலாக அவருடைய தோலைப் பார்த்தார்கள். மனித உடல்கள் ஒன்றுபோல் இல்லை என்பதை மரபியலும் பரிணாம அறிவியலும் ஐயத்துக்கு இடமில்லாமல் காட்டிவிட்டன. அந்த வேறுபாட்டை எங்கே தேடுவது என்பதில்தான் மருத்துவம் இன்னும் இடறுகிறது. சோதித்துப் பார்க்க வேண்டிய இடத்தில் முத்திரை குத்துகிறோம், கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய இடத்தில் ஊகித்துக்கொள்கிறோம் என்பதே என் மனக்குறை.

இதைச் சொன்னவுடன், அப்படியானால் ஒருவருடைய வம்சாவளியைப் பற்றி மருத்துவர் பேசவே கூடாதா என்று கேட்பவர்கள் உண்டு. பேச வேண்டும். வலிப்புக்கும் முக நரம்பு வலிக்கும் தரப்படும் கார்பமசெபின் பழைய மருந்து, நல்ல மருந்து. ஆனால் அரிதாகச் சிலருக்கு, அதைச் சாப்பிடத் தொடங்கிய சில வாரங்களில் தீப்பட்டதுபோல் தோல் கொப்பளித்து உரியும், வாயும் கண்ணும் புண்ணாகும், உயிரும் போகலாம். 2004இல் தைவான் ஆய்வாளர்கள் அப்படிப் பாதிக்கப்பட்ட 44 பேரைச் சோதித்தபோது, 44 பேரிடமும் எச்எல்ஏ-பி 15:02 என்ற மரபணு வகை இருந்தது. அதே மருந்தைத் தீங்கின்றிச் சாப்பிட்டுவந்த 101 பேரில் 3 பேரிடம் மட்டுமே அது இருந்தது. பிறகு அங்கேயே, மருந்து எழுதுவதற்கு முன் 4,877 பேருக்குச் சோதனை செய்து, அந்த மரபணு வகை உள்ளவர்களுக்கு வேறு மருந்து கொடுத்தார்கள். பழைய கணக்குப்படி ஏறத்தாழ 10 பேருக்குத் தோல் உரிந்திருக்க வேண்டும், ஒருவருக்கும் உரியவில்லை. 2011இல் வெளியான அந்த முடிவை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அந்தப் பத்துப் பேர் யார் என்று மருத்துவர்களுக்கும் தெரியாது, அவர்களுக்கே தெரியாது. பெரும் வேதனையிலிருந்து தப்பியதை அறியாமலேயே அவர்கள் எங்கோ தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2007இல் இதற்காக வெளியிட்ட எச்சரிக்கை, ஆசிய வம்சாவளியினருக்கு முன்கூட்டியே சோதனை செய்யச் சொன்னது. நல்ல நோக்கம்தான். ஆனால் தென்கிழக்கு ஆசியாவில் பரவலாக உள்ள இந்த மரபணு வகை ஜப்பானிலும் கொரியாவிலும் மிக அரிது. 'ஆசியர்' என்ற சொல் ஒருவரைச் சோதனைக்கு அனுப்பக் காரணமாக இருக்கலாம். சோதனையின் இடத்தை அது பிடித்துக்கொள்ளக் கூடாது.

ஒரு மரபணு ஓரிடத்தில் மலிந்தும் வேறோரிடத்தில் அருகியும் இருப்பது ஏன் என்பதற்குப் பரிணாமம்தான் விடை சொல்கிறது. அரிவாள் வடிவில் சிவப்பணுக்கள் வளைந்துபோகும் சோகை நோயைக் 'கறுப்பினத்தவர் நோய்' என்று நெடுங்காலம் எழுதிவந்தார்கள். அந்த மரபணு பெற்றோர் இருவரிடமிருந்தும் வந்தால்தான் அந்த நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால், அது கடுமையான மலேரியாவிலிருந்து காக்கிறது. இதை 1954இல் ஆந்தனி ஆலிசன் காட்டினார். மலேரியா இருந்த மத்தியதரைக் கடலோரத்திலும் அரேபியாவிலும் இந்தியாவிலும் அந்த மரபணு உண்டு. ஆப்பிரிக்காவிலேயே தென்கோடியின் பூர்வகுடிகளிடம் அது அரிது. அது பின்தொடர்ந்தது கொசுவை, தோலின் நிறத்தை அல்ல.

மலேரியா விட்டுச்சென்ற தடங்களில் இன்னொன்று ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடு. உலகில் ஏறத்தாழ 40 கோடிப் பேருக்கு அது இருக்கிறது. பெரும்பாலோர் அதை அறியாமலேயே வாழ்ந்து முடிக்கிறார்கள். கல்லீரலில் ஒளிந்திருந்து மீண்டும் மீண்டும் காய்ச்சலாக எழும் வைவாக்ஸ் மலேரியாவை அடியோடு ஒழிக்கப் பிரைமாகுயின் கொடுக்கும்போதுதான் சிக்கல் வெளிப்படுகிறது. அந்த நொதி குறைந்தவர்களின் சிவப்பணுக்கள் மருந்தைத் தாங்காமல் உடைந்து, சிறுநீர் கறுத்துப்போகும். மலேரியாவோடு போராடிப் போராடி உருவான உடலுக்கு மலேரியா மருந்தே எதிரியாகிறது. இந்தக் குறைபாட்டை 1956லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். விரல் நுனியில் எடுக்கும் ஒரு துளி ரத்தத்தில் இன்று அதைச் சோதித்துவிட முடியும். ஆனால் பிரைமாகுயின் மிகுதியாகத் தேவைப்படும் எளிய மருத்துவ நிலையங்களுக்குத்தான் அந்தச் சோதனை கடைசியாகப் போய்ச்சேர்கிறது. இது எனக்கு ஆறாத வருத்தம்.

இரும்புச்சத்தின் கதையும் இதோடு சேர்ந்ததுதான். கிருமி நுழைந்தவுடன் உடல் தன் இரும்பை ரத்தத்திலிருந்து எடுத்து ஒளித்துவைக்கிறது. கிருமிக்கும் இரும்பு வேண்டும் என்பதே காரணம். கிழக்கு ஆப்பிரிக்காவில் சான்சிபாரைச் சேர்ந்த பெம்பா தீவில், மலேரியா மிகுந்த சூழலில் சிறு குழந்தைகளுக்கு இரும்பும் ஃபோலிக் அமிலமும் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2006இல் வெளியானது. சத்து கொடுக்கப்பட்டவர்களிடம் மருத்துவமனைச் சேர்க்கையும் இறப்பும் கூடியதால், அதை இடையிலேயே நிறுத்த வேண்டியிருந்தது. ஆனால் முன்கூட்டியே ரத்தத்தைச் சோதித்து, உண்மையிலேயே இரும்புக் குறைபாடும் சோகையும் உள்ளவர்கள் என்று அறியப்பட்ட குழந்தைகளுக்கு அதே மருந்து நன்மை செய்தது. அந்தத் தீவின் குழந்தைகள் அனைவரையும் ஒரே முத்திரையின்கீழ் கொண்டுவந்ததுதான் கேடாக முடிந்தது.

மரபணுவைச் சோதனை சொல்லிவிடும். ஒருவர் தம் நோயைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பதை எந்தச் சோதனையும் சொல்லாது, கேட்டால்தான் உண்டு. பாஸ்டன் நகரில் காட்டன் மாதர் என்ற பாதிரியார், தம்மிடம் அடிமையாக இருந்த ஒனேசிமஸ் என்ற ஆப்பிரிக்கரிடம், உனக்குப் பெரியம்மை வந்திருக்கிறதா என்று கேட்டார். ஆம் என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம் என்ற ஒனேசிமஸ், அம்மைப் பாலைத் தோலில் கீறி ஏற்றித் தம்மைக் காத்துக்கொண்ட முறையை விளக்கினார். 1721இல் அந்த நகரை அம்மை தாக்கியபோது, சப்டியல் பாய்ல்ஸ்டன் என்ற மருத்துவர் சுமார் 240 பேருக்கு அதைச் செய்து பார்த்தார். 6 பேர் இறந்தார்கள். இயல்பாக நோய் கண்டவர்களில் ஏறத்தாழ ஏழில் ஒருவர் இறந்தார். எட்வர்ட் ஜென்னரின் தடுப்பூசிக்கு அப்போது இன்னும் 75 ஆண்டுகள் இருந்தன. கேட்டவரும் ஒரு மனிதரை அடிமையாக வைத்திருந்தவர்தான் என்பதை மறந்துவிட்டு அவரைப் புகழ எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் அந்தக் கேள்வி கேட்கப்பட்டதால் உயிர்கள் பிழைத்தன.

அந்தக் கேள்வியின் இன்றைய வடிவத்தை 1978இல் ஆர்தர் கிளைன்மன் என்ற மனநல மருத்துவரும் அவருடைய சகாக்களும் எழுதிக் கொடுத்தார்கள். இந்த நோய் எதனால் வந்தது என்று நினைக்கிறீர்கள், இதில் உங்களுக்கு எது பெரிய பயம் என்பவை போன்ற சில எளிய கேள்விகள் அவை. அவற்றில் ஒன்றை என் கண்ணெதிரே கேட்கக் கண்டேன்.

என் அம்மாவுக்கு ரத்த அழுத்தம். ஒவ்வொரு முறை போகும்போதும் எண் ஏறியே இருக்கும். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா என்று மருத்துவர் கேட்பார், அம்மா தலையை ஆட்டுவார், மாத்திரை ஒன்று கூடும். அப்படியே மூன்றாகிவிட்டது. பிறகு வேறொரு மருத்துவரிடம் போனோம். அவர் பழைய சீட்டுகளைப் பார்த்து முடித்துப் பேனாவை மூடி வைத்துவிட்டு, "அம்மா, இந்த பிரஷர் உங்களுக்கு எதனால் வந்தது என்று நீங்கள் நினைக்கிறீர்கள்?" என்று கேட்டார். அம்மா என்னை ஒரு முறை பார்த்தார். "டென்ஷன்தான் டாக்டர். சின்னவன் வேலை இல்லாமல் இருந்த வருஷம் வந்தது. மனசு படபடவென்று இருக்கிற நாளில் தவறாமல் போட்டுக்கொள்வேன். நிம்மதியாக இருக்கிற நாளில் எதற்கு?"

மருத்துவர் அதைச் சீட்டில் எழுதிக்கொண்டார். பிறகு அம்மாவின் கையில் பட்டையைச் சுற்றி, "இப்போது டென்ஷனாக இருக்கிறீர்களா?" என்றார். இல்லையே என்றார் அம்மா. கருவியில் 170 காட்டியது. மருத்துவர் அதை அம்மாவின் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தார். அம்மா வெகுநேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மூன்று மாத்திரைகளில் ஒன்றை நிறுத்திவிட்டு, மற்ற இரண்டையும் நாள் தவறாமல் சாப்பிடச் சொன்னார். அடுத்த மாதமே எண் இறங்கிவிட்டது. திரும்பி வரும்போது, இத்தனை வருஷமாக இதை ஏன் யாரும் கேட்கவில்லை என்றார் அம்மா. அத்தனை முறையும் பக்கத்து நாற்காலியில் நானும்தான் உட்கார்ந்திருந்தேன்.