கபி டோல்கோவ்ஸ்கியை நினைத்துக்கொண்டு

நம் ஊர் நகைக்கடையில் வைரத்தோடு பார்க்க உட்கார்ந்தால் ஐந்து நிமிடத்துக்குள் "பெல்ஜியம் கட்டிங்" என்ற சொல் காதில் விழுந்துவிடும். சொல்கிறவர்களும் கேட்கிறவர்களும் அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருந்த ஆட்களை நினைப்பதில்லை. அவர்களில் ஒருவர், 2023 மே மாதம் காலமான கபி டோல்கோவ்ஸ்கி. அவரைப் பற்றித் தமிழில் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவைக்க வேண்டும் என்று அன்றிலிருந்தே மனதில் இருக்கிறது.

1939-ல் டெல் அவிவில் பிறந்தவர். பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகரில் தலைமுறை தலைமுறையாக வைரம் பட்டை தீட்டிய குடும்பம். இவருக்குத் தாத்தா முறையான மார்செல் டோல்கோவ்ஸ்கிதான், வட்ட வைரம் எந்தக் கோணத்தில் வெட்டினால் அதிகம் ஜொலிக்கும் என்று 1919-ல் கணக்குப் போட்டுக் காட்டியவர். மேல்பக்கச் சரிவு 34.5 பாகை, அடிப்பக்கச் சரிவு 40.75 பாகை, மேலே உள்ள தட்டையான முகம் கல்லின் அகலத்தில் 53 சதவீதம். அடிப்பக்கம் ரொம்ப மேலோட்டமாகப் போனால், நேர் மேலிருந்து பார்க்கும்போது கல்லுக்குள் மீன் கண்ணைப் போல ஒரு வெளுத்த வளையம் தெரியும். ரொம்ப ஆழமாகப் போனால் நடுவில் ஆணித்தலை மாதிரி இருட்டடிக்கும். இரண்டிலும் வெளிச்சம் கண்ணுக்குத் திரும்பாமல் அடிவழியாகக் கசிந்துவிடுகிறது. அடுத்த முறை கடையில் கல்லைக் கையில் கொடுத்தால் இந்த இரண்டையும் பாருங்கள், பூதக்கண்ணாடிகூட வேண்டாம்.

இப்படிக் கணக்கு எழுதிவைத்த வீட்டில் பிறந்தவர், அந்தக் கணக்குக்கு அடங்காத கற்களோடுதான் தன் பேரைச் சம்பாதித்தார்.

1986 ஜூலையில் தென்னாப்பிரிக்காவின் பிரீமியர் சுரங்கத்தில் 599 காரட் கல் ஒன்று கிடைத்தது. ஏறக்குறைய 120 கிராம், மாசில்லாத வெண்மை. 1988-ல் வைரச் சுரங்க நிறுவனமான டி பியர்ஸ் தன் நூற்றாண்டு விழாவில் அதை உலகத்துக்குக் காட்டியது. அதனால்தான் 'சென்டினரி' என்று பெயர். வெட்டும் பொறுப்பு கபியிடம் வந்தது. ஜோகன்னஸ்பர்க்கில், அதிர்வும் வெப்ப மாற்றமும் அண்டாதபடி நிலத்தடியில் ஒரு அறையைத் தனியாக அமைத்தார்கள்.

இவ்வளவு பத்திரம் எதற்கு? கல்லின் ஓரங்களில் விரிசல்கள் ஓடியிருந்தன. வைரம் உலகத்திலேயே கடினமான பொருள்தான், ஆனால் கடினம் வேறு, உறுதி வேறு. நான்கு திசைகளில் அதற்குப் பிளவுத் தளங்கள் உண்டு. அந்தத் திசையில் ஒரு தட்டு சரியாக விழுந்தால் விறகு மாதிரி பிளந்துகொள்ளும். வழக்கமாக, மெல்லிய வெண்கலத் தகட்டில் வைரப்பொடி பூசிச் சுழலவிட்டு அறுப்பார்கள், அல்லது லேசர் வைப்பார்கள். அறுத்தால் அதிர்வு, லேசர் என்றால் சூடு. இரண்டில் எது பட்டாலும் ஓரத்தில் நிற்கும் விரிசல் உள்ளே ஓடிவிடக்கூடும். ஓடிவிட்டால் ஒட்டவைக்க வழியே கிடையாது.

அதனால் கபி, மிகப் பழைய வழிக்குப் போனார். ஒரு குச்சி முனையில் கூரான வைரத்துண்டைப் பதித்து, அதைக் கொண்டு கல்லின் மேல் தேய்த்துத் தேய்த்துக் கையாலேயே காடி வெட்டுவது. வைரத்தை வைரம்தான் தேய்க்கும். இப்படி 154 நாள். அத்தனை நாளில் விரிசலோடு கழித்து எடுத்தது ஏறக்குறைய 50 காரட், அதாவது 10 கிராம். நாள் ஒன்றுக்கு 65 மில்லிகிராம் வருகிறது. மூன்று அரிசி மணியின் எடை. ஒரு முழு நாள் வேலைக்கு மூன்று அரிசி எடை!

அது முடிந்தபோது கல் முட்டை வடிவத்துக்கு வந்திருந்தது. பிறகு 13 வடிவங்களை வரைந்து டி பியர்ஸ் முன்னால் வைத்தார். இதய வடிவத்தைச் சற்று மாற்றிய ஒன்று முடிவானது. 1991-ல் வேலை முடிந்தபோது எடை 273.85 காரட். சாதாரண வட்ட வைரத்துக்கு 57 அல்லது 58 பட்டைகள். இதில் 247. அதில் 83 பட்டைகள் கல்லின் இடுப்பை, அதாவது மேல்பக்கமும் அடிப்பக்கமும் சேரும் விளிம்பைச் சுற்றியே இருக்கின்றன. பாதிக்கும் மேல் எடை போய்விட்டதே என்று வியாபாரி மனசு பதறும். போன எடைக்குப் பதிலாக, உள்ளும் புறமும் ஒரு குறை சொல்ல முடியாத கல் கிடைத்தது.

எனக்கு அவரிடம் இதைவிடப் பிடித்தது இன்னொரு கல்லின் கதை. அதே சுரங்கத்தில் 1985-ல் 755.5 காரட்டில் பழுப்பு நிறக் கல் ஒன்று கிடைத்திருந்தது. நிறமும் மட்டம், உள்ளேயும் விரிசல். பேர்கூட வைக்கவில்லை, 'பெயரில்லாப் பழுப்பு' என்றே அழைத்தார்கள். சென்டினரிக்கு வேண்டிய கருவிகளையும் முறைகளையும் முதலில் இதில் சோதித்துப் பார்க்கலாம் என்று கபியிடம் தந்தார்கள். வெள்ளோட்டம் பார்க்கத் தந்த கல். போனால் போகட்டும் என்று வெட்டித் தள்ளியிருந்தாலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் அப்படிச் செய்யவில்லை. முடித்துக் கொடுத்தபோது 545.67 காரட். நூற்றுக்கு 72 பங்கு எடையைக் காப்பாற்றியிருந்தார். பிரிட்டிஷ் செங்கோலில் இருக்கும் முதலாம் கல்லினன் வைரமே 530 காரட்தான். அதைத் தாண்டி, தங்க மஞ்சளும் பழுப்பும் கலந்து ஒளிரும் இந்தக் கல், பட்டை தீட்டிய வைரங்களில் உலகிலேயே பெரியதாகிவிட்டது. 'கோல்டன் ஜூபிலி' என்ற பெயரோடு தாய்லாந்து மன்னர் பூமிபோலிடம் போய்ச் சேர்ந்தது.

ஒதுக்கின கல்மேல் அவருக்கு இருந்த இந்தப் பரிவு ஏதோ ஒரு முறை வந்துபோனது இல்லை. 1988-ல் டி பியர்ஸுக்காக அவர் வடிவமைத்த பூ வெட்டுகளைப் பாருங்கள். சூரியகாந்தி, டாலியா, சாமந்தி வகையான மேரிகோல்டு, ஜின்னியா, ஃபயர் ரோஸ் என்று ஐந்து. நம் ஆட்கள் "கலர் அடிக்குது" என்று தள்ளிவிடும் கற்களுக்காகவே செய்தவை. தாத்தா வகுத்த கோணங்களை விட்டு விலகி, அடிப்பக்கத்தில் பட்டைகளைக் கூட்டி, மங்கின கல்லிலும் உயிர் வரவைத்தார். எடையும் அதிகம் வீணாகாது. குடும்பச் சொத்தான சூத்திரத்தைக் கல்லின் நன்மைக்காக மீறுவதற்கு ஒரு மனசு வேண்டும். அவர் பேட்டிகளில் வைரத்தைப் பற்றிப் பேசும் விதமும் அப்படித்தான் இருக்கும். ஆளைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசுவார்.

ஒரு ஆதங்கத்தையும் சொல்லிவிடுகிறேன். வைரத்துக்குத் தரும் சான்றிதழில் எடை இருக்கும், நிறம் இருக்கும், உள்ளே எந்த மூலையில் எத்தனை புள்ளி என்று படம்கூட இருக்கும். வெட்டினது யார் என்று ஒரு வரி இருக்காது. சூரத்தில் நாள் முழுக்கச் சாணைத் தட்டின்மேல் குனிந்து, கல் சூடேறுகிறதா என்று நிமிடத்துக்கு நிமிடம் எடுத்துப் பார்த்து, எந்தத் திசையில் வைத்தால் தேயும், எந்தத் திசையில் வைத்தால் தேயாது என்று விரலாலேயே கண்டுபிடிக்கிற லட்சக்கணக்கானவர்களில் ஒருவர் பேர் நமக்குத் தெரியுமா? ஓவியத்தின் மூலையில் கையெழுத்து இருக்கிறது. கல்லுக்கு மட்டும் கிடையாது. இது சரியில்லை என்றே நினைக்கிறேன். சான்றிதழ் தரும் கூடங்கள் மனம் வைத்தால் ஒரு வரியைச் சேர்ப்பது பெரிய வேலை இல்லை.

கபிக்கு அது வாய்த்தது. சென்டினரியை அவரோடு சேர்த்தேதான் எல்லோரும் சொல்கிறார்கள். அந்தக் கல் சில ஆண்டுகள் லண்டன் கோபுரத்தில் பார்வைக்கு இருந்தது. பிறகு கைமாறிவிட்டது. இப்போது யாரிடம் இருக்கிறது என்பதை டி பியர்ஸ் வெளியே சொல்லவில்லை.