கீட்ஸைக் கொன்றது விமர்சனம் இல்லை

1969 ஜூலை 5, லண்டன் ஹைட் பார்க். ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற ராக் இசைக்குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான பிரையன் ஜோன்ஸ் நீச்சல் குளத்தில் இறந்து இரண்டே நாள்தான் ஆகியிருந்தது. வயது 27. அந்தக் குழுவின் பாடகர் மிக் ஜாகர் வெள்ளை அங்கியில் மேடையேறி, கத்திக்கொண்டிருந்த கூட்டத்தை அடக்கிவிட்டு, ஆங்கிலக் கவிஞர் ஷெல்லியின் ‘அடோனைஸ்’ கவிதையிலிருந்து படித்தார். அவன் சாகவில்லை, வாழ்க்கை என்கிற கனவிலிருந்து விழித்துக்கொண்டான் என்று சொல்லும் வரிகள். அப்புறம் ஆயிரக்கணக்கில் வெள்ளை வண்ணத்துப்பூச்சிகளைப் பறக்கவிட்டார்கள். நிறையப் பூச்சிகள் பெட்டிக்குள்ளேயே செத்துப்போயிருந்தன.

ராக் இசைக்கும், உணர்ச்சியையும் கற்பனையையும் முன்னே வைத்த ஷெல்லி, கீட்ஸ் போன்ற ரொமாண்டிக் கவிகளுக்கும் என்ன உறவு என்று யாராவது கேட்டால் இந்தக் காட்சியைத்தான் சொல்வேன். அந்த உறவில் எனக்குப் பிடித்ததும் இருக்கிறது, மனசு ஆறாத ஒன்றும் இருக்கிறது.

பிடித்ததை முதலில் சொல்கிறேன். இளைஞர்களுக்கென்று தனிக் கலாசாரம் 1950களில்தான் பிறந்தது என்பதை நான் ஏற்பதில்லை. 1830 பிப்ரவரியில் பாரிஸில் ரொமாண்டிக் எழுத்தாளர் விக்தோர் ஹ்யூகோவின் ‘எர்னானி’ நாடகம் அரங்கேறிய அன்று, நீளமுடியும் கண்ணைப் பறிக்கும் சிவப்பு வெயிஸ்ட்கோட்டுமாகப் போய் உட்கார்ந்த கவிஞர் தெயோஃபில் கோத்தியேவுக்கு வயது 18. பழைய ரசனைக்காரர்கள் முகம் சுளிக்கவேண்டும் என்றே போட்ட உடுப்பு அது. நான் எந்தப் பக்கம் என்பதை என் உடையே சொல்லட்டும் என்கிற அந்தத் திமிர்தான் 1979இல் லண்டன் கோவென்ட் கார்டனில் பிளிட்ஸ் கிளப் வாசலில் மறுபடி வந்து நின்றது. வாசலில் நின்ற ஸ்டீவ் ஸ்ட்ரேஞ்ச் உடையைப் பார்த்துத்தான் ஆளை உள்ளே விடுவார். சுருக்கு வைத்த சட்டையும் மேலங்கியுமாக வந்தவர்களில் பலர் கலைக் கல்லூரிப் பிள்ளைகள், வேலையில்லாதவர்கள். பழைய துணிக்கடையில் கிடைத்ததைப் பிரித்துத் தைத்துப் போட்டுக்கொண்டு வந்தார்கள். ‘நியூ ரொமாண்டிக்ஸ்’ என்ற பெயர் அவர்களுக்குப் பொருத்தமாகவே அமைந்தது. இதை வெறும் வேஷம் என்று ஒதுக்குகிறவர்களுக்கு, கையில் காசில்லாத வயசில் தன்னைத் தானே புதுசாகப் படைத்துக்கொள்வது எவ்வளவு பெரிய விஷயம் என்பது புரியவில்லை.

ஆறாதது எதுவென்றால், ஜாகர் படித்த அந்தக் கவிதையேதான். 1821இல் ரோமில் 25 வயதில் இறந்த ஆங்கிலக் கவிஞர் கீட்ஸுக்காக ஷெல்லி எழுதிய இரங்கற்பா அது. பத்திரிகையில் வந்த கொடூரமான விமர்சனம்தான் கீட்ஸைச் சாகடித்தது என்று அதன் முன்னுரையில் ஷெல்லி எழுதினார். மென்மையான உள்ளத்தை இந்த உலகம் வாழவிடாது என்கிற கதை அங்கிருந்து ஊர் ஊராகப் பரவியது. நடந்தது வேறு. கீட்ஸ் மருத்துவம் பயின்றவர். காசநோயில் கிடந்த தம்பி டாமைக் கூடவே இருந்து பார்த்துக்கொண்டவர். 1820 பிப்ரவரியில் ஓர் இரவு இருமினபோது விரிப்பில் ரத்தம் விழ, மெழுகுவத்தி கேட்டு அதன் நிறத்தைப் பார்த்தார். இது தமனி ரத்தம், எனக்கு மரண ஓலை வந்துவிட்டது என்று நண்பரிடம் சொன்னார். ரோமுக்குப் போனதே அந்தக் காற்று உடம்பைத் தேற்றுமா என்று பார்க்கத்தான். வாழ ஆசைப்பட்ட மனிதரை, உலகம் தாங்காமல் உதிர்ந்த பூவாக ஆக்கிவிட்டார்கள்.

அதே கதையைத்தான் ஹெண்ட்ரிக்ஸ், ஜானிஸ் ஜாப்ளின், ஜிம் மாரிசன், கர்ட் கோபேன், ஏமி வைன்ஹவுஸ் என இறந்துபோன இசைக்கலைஞர்கள் ஒவ்வொருவர் மேலும் போர்த்துகிறோம். எல்லாரும் போனது 27 வயதில். அதற்கு ‘27 கிளப்’ என்று பெயர் வைத்து டி-ஷர்ட்டில் அச்சடிக்கிறோம். போதையும் குடியும் மனச்சோர்வும் சிகிச்சை தேவைப்பட்ட விஷயங்கள். பக்கத்தில் இருந்தவர்கள் நிகழ்ச்சியை ரத்து செய்திருக்கலாம், டாக்டரிடம் விடாப்பிடியாகக் கூட்டிப்போயிருக்கலாம். மேதை என்றால் அப்படித்தான் என்று நம்பிவிட்டால் அதெல்லாம் யாருக்குத் தோன்றும்? ஷெல்லிதாசன் என்று புனைபெயர் வைத்துக்கொண்ட பாரதி 38 வயதில் போனதையும் நம் ஊரில் இப்படித்தான் பேசுகிறார்கள். அவரைக் கொண்டுபோனது வயிற்றுக்கடுப்பு. வறுமையைப் பற்றிப் பேச வேண்டிய இடத்தில் விதியைப் பற்றிப் பேசுகிறோம்.

இந்தக் கதைக்கு மாறாக, ரொமாண்டிக் கவிகளிலேயே வில்லியம் பிளேக் இருக்கிறார். ஜிம் மாரிசன் பாடிய டோர்ஸ் குழுவின் பெயர் எழுத்தாளர் ஹக்ஸ்லியின் புத்தகம் வழியாக அவர் வரியிலிருந்துதான் வந்தது. செப்புத்தகடு செதுக்கிப் பிழைத்து, 69 வயதில் சாகும்வரை இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் காவியத்துக்குப் படம் வரைந்துகொண்டிருந்தவர். அவரை ஆசானாகக் கொண்ட ராக் பாடகி பேட்டி ஸ்மித் 1946இல் பிறந்தவர். கணவரையும் தம்பியையும் ஒரே வருஷத்தில் பறிகொடுத்த பிறகும் மேடைக்குத் திரும்பி வந்து, எழுபது வயதைத் தாண்டியும் பாடியவர். பாட்டெழுதும் பிள்ளைகள் யாரைப் படிக்கலாம் என்று கேட்டால் நான் பிளேக்கைத்தான் கையில் கொடுப்பேன்.