வீடு கொடுத்தாச்சு, இன்னும் என்ன வேணுமாம்?

சென்னை ஆற்றங்கரைகளிலிருந்து அகற்றியவர்களைக் குடிவைத்த பெரும்பாக்கம் அடுக்குமாடியில் லிஃப்ட் ஓடாததைக் காட்டும் வீடியோவுக்குக் கீழே ஓடிய கமெண்ட்களைப் பார்த்திருப்பீர்கள். "வீடு கொடுத்தாச்சு, இன்னும் என்ன வேணுமாம் இவங்களுக்கு?" ராத்திரி முழுக்க அந்த 'இவங்களுக்கு' உறுத்திக்கொண்டே இருந்தது.

இவங்களில் என் சித்தியும் ஒருத்தி. சிந்தாதிரிப்பேட்டையில் கூவம் கரையில் இருந்தவள். பள்ளிக்கூடம் பாதி நடக்கும்போது சாமானை லாரியில் ஏற்றி, 25 கிலோமீட்டர் தள்ளி இறக்கிவிட்டார்கள். பத்தாவது படித்த பையன் பரீட்சை முடியும்வரை விடிவதற்குள் பஸ் பிடித்துப் பழைய பள்ளிக்கே போனான். ரேஷன் கார்டில் முகவரி மாற்ற நானும் கூடப் போனேன். ஓர் ஆபீஸில் ஆதாரை மாற்றிக்கொண்டு வா என்றார்கள். ஆதாருக்குப் போனால் ரேஷன் கார்டைக் கேட்டார்கள்.

வீடு கட்டுவது வாரியம். பஸ்ஸுக்கு ஒரு கழகம், தண்ணீருக்கு இன்னொரு வாரியம், பள்ளிக்குக் கல்வித்துறை. எல்லாம் ஒரே அரசாங்கம்தான், ஆனால் ஒருவருக்கொருவர் போன் நம்பர் இல்லை போலிருக்கிறது! 2021இல் வீடு கட்டும் அந்தக் குடிசை மாற்று வாரியத்துக்கு 'நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்' என்று பெயர் மாற்றினார்கள். நல்ல பெயர். அடுத்த ஆண்டுக் கடைசி இலாகா மாற்றத்துக்கு அப்புறம் பார்த்தால், வீட்டுவசதி ஓர் அமைச்சரிடம், சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சிஎம்டிஏ இன்னொருவரிடம், இந்த வாரியம் சிறுதொழில் அமைச்சரிடம் என்று இருந்தது. வீடு ஒன்று, கையெழுத்து மூன்று. பஸ்ஸும் பள்ளியும் தண்ணீரும் வந்த பிறகு சாவியைக் கொடுங்கள் என்கிறேன். இது பெரிய பேராசையா?

"வீட்டை வாடகைக்கு விட்டுட்டு ஊருக்குள்ளேயே திரும்பி வந்துடறாங்க" என்பீர்கள். வருகிறார்கள்தான். சித்தி காலை ஆறு மணிக்குத் திருவல்லிக்கேணியில் பாத்திரம் தேய்க்க நிற்க வேண்டும். தேய்த்த பாத்திரத்தில் சாப்பிடுபவர்களும் கமெண்ட் போட்டிருப்பார்கள், யார் கண்டது.

"நகருக்குள் இடமில்லை." மால் கட்ட இடம் இருக்கிறதே, சரி விடுங்கள். "வெள்ளத்திலிருந்து காப்பாற்றத்தானே மாற்றினோம்?" பள்ளிக்கரணை சதுப்புநிலம் எங்கே, பெரும்பாக்கம் எங்கே என்று ஒருமுறை மேப்பைத் திறந்து பாருங்கள், இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கும்.

சித்தி வீடு ஏழாவது மாடி. லிஃப்ட் நின்றால் சிலிண்டர்காரர் கீழேயே வைத்துவிட்டுப் போய்விடுவார். பையன்தான் மாடிக்கு மாடி இறக்கி வைத்துத் தூக்கிக்கொண்டு போவான். முட்டிவலிக்காரி பின்னால் கைப்பிடியைப் பிடித்தபடி ஏறுவாள்.

நேற்று போன் பண்ணி, "அந்த வீடியோ கமெண்ட்டெல்லாம் பாக்காத சித்தி" என்றேன்.

"பையன் படிச்சுக் காட்டிட்டான்டா" என்றாள்.