டிஸ்சார்ஜ் சீட்டுக்கும் உதவித்தொகைக்கும் நடுவே ஆறு மாதம்

பெங்களூரு மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. 2025இல் நகரத்தை ஐந்து மாநகராட்சிகளாகப் பிரித்தார்கள். வார்டு உறுப்பினர் என்று ஒருவரைப் பார்த்துப் பல வருடங்கள் ஆன நிலையில், தேர்தல் வரப்போகிறது என்ற பேச்சை நம்பி அல்சூர், மர்பி டவுன் பக்கம் துண்டறிக்கைகள் வரத் தொடங்கிவிட்டன. அவற்றில் ஒன்று, கன்னடத்திலும் தமிழிலும் அச்சடிக்கப்பட்டது, மக்கள் நல்வாழ்வுக்கே முதலிடம் என்று சொல்லி இரண்டு வாக்குறுதிகளைத் தருகிறது: பகுதிக்கு ஒரு பெரிய மருத்துவமனை, மாற்றுத்திறனாளிகளுக்கு மூன்று சக்கர ஸ்கூட்டர். இரண்டுமே தேவையானவைதான். ஆனால் ஓர் அரசியல்வாதி முதலில் கையில் எடுக்க வேண்டியவை இவை அல்ல என்பது என் கருத்து. பவுரிங், விக்டோரியா, நிமான்ஸ் என்று அரசின் பெரிய மருத்துவமனைகளுக்கு இந்நகரில் குறைவில்லை. அவற்றின் வாசலைத் தாண்டி வெளியே வந்த நோயாளிக்கு அடுத்த நாள் முதல் யார் பொறுப்பு என்பதற்குத்தான் யாரிடமும் பதில் இல்லை.

கர்நாடகத்தில் மருத்துவமனை சுகாதாரத் துறையின் கீழ் வருகிறது. மாற்றுத்திறனாளிகளுக்கும் மூத்த குடிமக்களுக்கும் தனித் துறை இருக்கிறது. நேற்றுவரை நல்லபடியாக நடமாடிய ஒருவர் பக்கவாதத்தாலோ, சர்க்கரை நோயில் காலை இழந்தோ, சாலை விபத்திலோ இயலாமைக்குள் வந்து விழுகிறபோது, முதல் துறை அவரை அனுப்பிவிட்டது, இரண்டாம் துறை அவரை இன்னும் அறியவில்லை என்ற நிலையில்தான் பல மாதங்கள் கழிகின்றன.

இதை நான் எங்கள் வீட்டிலேயே பார்த்தேன். ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்த என் பெரியப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. ஓர் அரசு மருத்துவமனையில் உயிரைக் காப்பாற்றினார்கள். அந்த நன்றி எங்களுக்கு இருக்கிறது. டிஸ்சார்ஜ் சீட்டின் கடைசி வரியில் பிசியோதெரபி தொடரவும் என்று எழுதியிருந்தது. எங்கே, யாரிடம், எத்தனை நாள் என்று எதுவும் இல்லை. மருத்துவமனையின் பிசியோதெரபிப் பிரிவுக்குப் போய் வர ஆட்டோவுக்கே அன்றாடம் ஒரு தொகை வேண்டும், வருமானம் கொண்டுவந்த ஆட்டோவோ வாசலில் நிற்கிறது. பெரியம்மா மொபைலில் வீடியோ பார்த்துக் கையை நீட்டி மடக்கப் பழக்கினார். படுக்கையிலிருந்து எழுப்பும்போது, வேறு வழி தெரியாமல், விழுந்த கையையே பிடித்து இழுத்துத் தூக்கியிருக்கிறார். தோள் மூட்டு இறங்கிவிட்டது. செயலிழந்த கையைப் பிடித்துத் தூக்கக் கூடாது, தோள்பட்டையின் பின்புறம் தாங்கி எழுப்ப வேண்டும் என்று சொல்லித்தர அரை மணி நேரம்கூட ஆகாது. இப்போது அவருடைய விரல்கள் இறுகி மூடிக்கொள்ளாமல் இருக்க உள்ளங்கையில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்திருக்கிறோம். துண்டறிக்கையின் ஸ்கூட்டரை அவருக்கு நாளையே கொடுத்தாலும், ஆக்சிலரேட்டர் வலக்கைப் பிடியில்தான் இருக்கிறது.

பக்கவாதம் வந்தவருக்கு முதல் சில மாதங்களில்தான் உடல் அதிகமாகத் திரும்பி வரும், பயிற்சி அதிகப் பலன் தருவதும் அப்போதுதான் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். நரம்பு சார்ந்த இயலாமைக்கு, உதவித்தொகைக்கு வேண்டிய சான்றிதழுக்கான மதிப்பீடோ பொதுவாக ஆறு மாதம் கழிந்த பிறகே. நிலைமை மாறிக்கொண்டிருக்கும்போது இயலாமை இத்தனை விழுக்காடு என்று போட முடியாது என்பதால் அந்த விதியில் நியாயம் உண்டு. ஆனால் அதன் விளைவைப் பாருங்கள்: எந்த மாதங்களில் உதவி செய்தால் ஒருவர் நிரந்தர மாற்றுத்திறனாளி ஆகாமல் தப்பலாமோ, அதே மாதங்களில் அவர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. காத்திருந்து, நிலை கெட்டு, விழுக்காடு ஏறிய பிறகுதான் அரசு அவரைத் தேடிப் பணம் தருகிறது.

அந்தப் பணமும் எவ்வளவு? மத்திய அரசின் ஓய்வூதியத் திட்டத்தில், வறுமைக்கோட்டுக்குக் கீழே 80 விழுக்காடோ அதற்கு மேலோ இயலாமை உள்ளவருக்கு மாதம் 300 ரூபாய். மாநில அரசு தரும் உதவித்தொகை 40 முதல் 75 விழுக்காடு வரை 800 ரூபாய், அதற்கு மேல் 1,400. அதே மாநிலத்தில் கிருகலட்சுமி திட்டத்தில் குடும்பத் தலைவிக்கு 2,000 தருகிறார்கள். அதைக் குறை சொல்லவில்லை, எங்கள் வீட்டில் இன்று அடுப்பு எரிவதில் அதற்குப் பங்குண்டு. ஆனால் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, இதுபோன்ற திட்டங்களில் மற்றவர்களுக்குத் தருவதைவிடக் குறைந்தது 25 விழுக்காடு கூடுதலாக மாற்றுத்திறனாளிகளுக்குத் தர வேண்டும் என்கிறது. இரண்டும் ஒத்த திட்டங்களா என்று வக்கீல்கள் வாதாடலாம். 800 எப்படிப் போதும் என்பதற்கு வாதமே தேவையில்லை. அடுத்த பிரிவு சிகிச்சையில் முன்னுரிமையையும் மருத்துவமனையின் எல்லாப் பகுதிகளுக்கும் தடையற்ற வழியையும் உறுதி செய்கிறது. பழைய பொதுக் கட்டடங்களை மாற்றியமைக்கக் கொடுத்த ஐந்தாண்டு அவகாசம் 2022 ஜூனிலேயே முடிந்துவிட்டது.

இதெல்லாம் மாநில அரசின் வேலை, வார்டு உறுப்பினர் என்ன செய்வார் என்று கேட்பார்கள். உதவித்தொகை விஷயத்தில் அது சரி. ஆனால் 2023இல் இந்நகரில் வார்டு வார்டாகத் திறந்த நம்ம கிளினிக்குகள் மாநகராட்சியின் பொறுப்பில் தொடங்கியவை. அங்கே ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், ஒரு லேப் டெக்னீஷியன் போன்ற பணியிடங்கள்தான், பிசியோதெரபிஸ்ட் கிடையாது. சில கிளினிக்குகளுக்குப் பொதுவாக ஒருவரை நியமித்து, வாரத்தில் ஒரு நாள் ஒவ்வோரிடத்திலும் உட்கார வைத்து, மீதி நாட்களில் வீடுகளுக்கு அனுப்பினால் போதும். மருத்துவமனையிலிருந்து ஒருவர் வெளியேறும்போதே அந்தத் தகவல் அவருடைய வார்டு கிளினிக்குக்குப் போக வேண்டும். ஆறு மாதம் முடிந்ததும் சான்றிதழுக்கான தேதியையும் கிளினிக்கே வாங்கித் தர வேண்டும். படுத்த படுக்கையாக இருப்பவரைச் சான்றிதழுக்காக மூன்று இடங்களுக்குத் தூக்கிச் செல்ல வைப்பது நிர்வாகம் ஆகாது.

ஆளுக்கு எங்கே போவது என்ற கேள்வி பெங்களூரில் எழவே கூடாது. ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் இந்நகரில் மட்டும் எத்தனையோ பிசியோதெரபி கல்லூரிகள் இருக்கின்றன. படிப்பை முடிக்கும் மாணவர்களுக்குப் பயிற்சிக் காலம் கட்டாயம். அதில் ஒரு பகுதியை, மேற்பார்வைக்கு ஒரு மூத்தவருடன், வார்டு கிளினிக்குகளில் கழிக்கச் செய்ய மாநகராட்சியும் பல்கலைக்கழகமும் ஓர் ஒப்பந்தம் போட்டாலே போதும். அதற்கு அடிக்கல் நாட்டு விழா தேவைப்படாது. துண்டறிக்கையில் இருந்த வாட்ஸ்அப் எண்ணுக்கு இதை எழுதி அனுப்பியிருக்கிறேன். நன்றி அண்ணா, உங்கள் ஆதரவு தேவை என்று பதில் வந்திருக்கிறது. இதையே மற்ற வேட்பாளர்களுக்கும் அனுப்பப் போகிறேன். எந்தக் கட்சியாக இருந்தாலும், பதில் எழுதுபவரின் பதிலை அப்படியே இங்கே போடுகிறேன்.