புரோடிகியம் வெறும் சகுனம் அல்ல

'புரோடிகியம் என்ற லத்தீன் சொல்லுக்குச் சகுனம் என்று பொருள், ரோமானியர்கள் அதை வைத்து நடக்கப்போவதைக் கணித்தார்கள்' என்று மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். பாதிதான் சரி. குடியரசுக் கால ரோமில் அது முக்கியமாக, தெய்வங்களோடு உள்ள உறவு கெட்டுவிட்டது என்ற எச்சரிக்கை. கேட்டை உணர்த்தும் விபரீத நிகழ்வைக் குறிக்கும் நம் 'உற்பாதம்' இதற்கு இன்னும் நெருக்கம். என்ன நடக்கும் என்பதைவிட, என்ன பரிகாரம் செய்வது என்பதுதான் அவர்களின் கவலை.

கி.மு. 218 குளிர்காலத்தில் ரோமின் மாட்டுச் சந்தையில் ஒரு மாடு தானாகவே மூன்றாவது மாடிக்கு ஏறி, குடியிருந்தவர்கள் போட்ட கூச்சலில் மிரண்டு கீழே குதித்ததாம். ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி, அந்தக் குளிர்காலத்துப் புரோடிகியங்களின் பட்டியலில் இதை எழுதியிருக்கிறார். அதே பட்டியலில் இத்தாலியின் பிகேனம் பகுதியில் கல்மழை. அதற்கு ஒன்பது நாள் சடங்கு.

அப்புறம், கண்ட அதிசயமெல்லாம் புரோடிகியம் ஆகிவிடாது. செனட் ஏற்க வேண்டும். கி.மு. 169இல் ஒருவர் வீட்டு முற்றத்து மழைநீர்த் தொட்டியில் பனையினத்து மரம் முளைத்தது. தனியார் இடம் என்று தள்ளிவிட்டார்கள். ஃபிரெகெல்லே என்ற இத்தாலிய ஊரில் ஒரு வீட்டில் ஈட்டி இரண்டு மணி நேரத்துக்கு மேல் எரிந்தும் கருகவில்லை என்று வந்த செய்தியையும், அது ரோமுக்குச் சொந்தமல்லாத அந்நிய நிலம் என்று சொல்லி ஏற்கவில்லை.